மோட்டாருக்கு ஒரு ‘ங்க’

என் கணவர் எங்கள் தோட்டத்து மோட்டாரை ‘நீங்க’ என்பார். என்னை ‘நீ’ என்பார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, மோட்டார் பேச ஆரம்பிக்கிற வரைக்கும்.

தோட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில். தென்னையும் கொஞ்சம் வாழையும். நாங்கள் குடியிருப்பது கோயமுத்தூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். அவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, உடம்பு இங்கேயும் மனசு அங்கேயுமாக இருந்தார். மோட்டார் ஓடுவதற்கான மூன்று ஃபேஸ் கரண்ட் அங்கே எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போனில் கேட்கலாம் என்றால், அவர் போனை வீட்டில் வைத்துவிட்டு வாழைக்குள் நிற்பார். ஆகவே மொபைல் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டியை வாங்கி மோட்டார் ரூமில் மாட்டினார். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். நாம் அந்த நம்பருக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் எடுக்கும். “வணக்கம். மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும். நிறுத்த எண் இரண்டை அழுத்தவும்” என்று சொல்லும். அழுத்தினால் இருபது மைலுக்கு அப்பால் மோட்டார் ஓடும். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேர் இப்படித்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அதிசயம் இவர் அதனிடம் பேசியதுதான். குரல் வணக்கம் சொன்னதும் இவரும் வணக்கம் சொல்வார். “மோட்டார் இயங்குகிறது. நன்றி” என்றதும், “நல்லதுங்க, வெச்சரட்டுங்களா?” என்று கேட்டு, பதில் வராவிட்டாலும் கொஞ்சம் பொறுத்துவிட்டுத்தான் போனை வைப்பார். பொம்பளைக் குரல் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் வெட்டுவது அவரால் முடியாது. அவருடைய போனில் அந்த நம்பர் ‘தோட்டத்து மோட்டார்’ என்று இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் அவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ கூட வேலை பார்த்த அதிகாரியம்மா என்று நினைப்பார்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொடுக்கிறேன். பொறியியல் கல்லூரியில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடமும் பதில் கிடையாது. மனித விழுமியங்கள் என்று ஒரு கட்டாயப் பாடம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில் அதை வைப்பார்கள். அதில் மனிதனும் இயந்திரமும் என்ற பகுதி என் பொறுப்பு. ஆகவே வீட்டிலும் எனக்கு இதில் ஓர் அதிகாரம் இருப்பதாக எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் அவரை உட்காரவைத்து விளக்கினேன். கருவி என்பது நம் கையின் நீட்சி. மண்வெட்டி பிடிக்கும்போது மண்வெட்டியை நினைக்க மாட்டோம், மண்ணைத்தான் நினைப்போம். நல்ல கருவி நம் கவனத்தில் இருந்தே மறைந்துபோகும். அதற்கு வணக்கம் வைத்து எதிரே நிற்கவைத்தால் அது கருவியே இல்லை என்றாகிவிடும்.

அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “மரியாதை அதுக்கில்ல. என் வாய்க்கு. ஒருத்தர்கிட்ட விட்டுட்டா அப்பறம் எல்லார்கிட்டயும் விட்டுப்போகும்” என்றார்.

அப்படியானால் எனக்கு ஏன் ‘நீ’ என்று கேட்டேன். அது வேறு என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கிணறு நிரம்பி, வாய்க்காலில் தண்ணீர் நின்றது. மாதக்கணக்கில் மோட்டாருக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் இவர் போன் செய்யவில்லை. போன் செய்யாததால் அந்தச் சிம்முக்கு ரீசார்ஜ் போட வேண்டும் என்ற நினைப்பும் வரவில்லை. சிம் செத்துப்போனது. சில மாதம் பார்த்துவிட்டு அந்த நம்பரைப் போன் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரியவந்தது. அப்போதே தெரிந்திருந்தால் இங்கே எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

நம்பர் போய்ச் சேர்ந்த இடம் உக்கடம் பக்கத்தில் ஒரு பழைய தெரு. அங்கே ஓர் அம்மா, கல்யாண ரவிக்கைகள் தைக்கிறவர். அவருடைய கணவருக்கு அத்தர்க் கடை. மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்து இந்தச் சிம்மைப் போட்டுத் தந்திருக்கிறாள். அந்தத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருவது சில நாட்களுக்கு ஒரு முறை. வந்தாலும் நூலாகத்தான் வரும். அதனால் வீட்டுக்கு வீடு குழாயில் ஒரு குட்டி மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். அது கூடாது. தண்ணீர் ஆபீஸில் இருந்து ஆள் வந்து பார்த்தால் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே எல்லா வீட்டிலும் மோட்டார் உண்டு, எந்த வீட்டிலும் கிடையாது. இந்த அம்மா தன்னுடையதைத் துணிக் கூடைக்கு அடியில் வைத்திருந்தார்.

மழை நின்று வெயில் ஏறியதும் இவர் ஒரு காலை நேரத்தில் பால்கனியில் நின்று மோட்டாருக்குப் போன் செய்தார். வழக்கமான வணக்கத்துக்குப் பதிலாக, “அலோ, யாருங்க?” என்றது குரல். இவர் ஒன்றை அழுத்தினார். “யாருங்க பேசறது?” என்றது மறுபடியும். பெட்டியைப் புதுப்பித்திருக்கிறார்கள், ஆள் யாரென்று விசாரித்துவிட்டுத்தான் ஓட்டும்போல என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது.

“மோட்டார் விசயமாக் கூப்புட்டனுங்க” என்றார்.

 “நாங்க மோட்டாரெல்லாம் போடறதில்லீங்க சார்” என்று மெதுவாக வந்தது.

மோட்டார் ஓடவில்லை என்று சொல்கிறது, இவருக்குப் புரிந்தது அவ்வளவுதான். “ஏனுங்க போடறதில்லீங்க? போடுங்க.”

“போட்டா ஒண்ணும் ஆகாதுங்களா?”

வோல்டேஜைப் பற்றிக் கேட்கிறது என்று நினைத்தார். “ஒண்ணும் ஆகாதுங்க. தைரியமாப் போடுங்க. நான் இருக்கறனுங்க.”

உள்ளே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். முன்பெல்லாம் நாம் சொன்னதை அது செய்தது, இப்போது சொல்வதைச் செய்யலாமா என்று யோசித்துக் கேட்கிறது என்றார். செயற்கை நுண்ணறிவு இப்போது எல்லாவற்றிலும் வந்துவிட்டது, மோட்டாருக்கு ஏன் வரக்கூடாது என்று நானும் சொன்னேன். படித்தவள் சொன்னதில் அவருக்குச் சந்தேகமே போய்விட்டது.

அதன்பிறகு நாள்தோறும் பேச்சு. பெரும்பாலும் ஒரே கேள்விதான், தண்ணி வருதுங்களா. கோயமுத்தூரில் யாரும் யாரையும் கேட்கக்கூடிய கேள்வி அது. அந்த அம்மாவும் உள்ளபடி பதில் சொல்லியிருக்கிறார். இன்னிக்கு வரலீங்க, நாளைக்கு வரும்னு பேசிக்கறாங்க என்பார். இவர் கரண்ட் நிலவரத்தை முன்கூட்டியே சொல்கிறதே என்று வியப்பார். இப்பத்தானுங்க வந்துச்சு, புடிச்சுட்டு இருக்கறேன் என்பார் அவர். இவர் தொட்டி நிரம்புகிறது என்று நிம்மதியாவார். போதுமுங்க, நிறுத்திக்குங்க என்று இவர் சொன்னால், பக்கத்துத் தெருவுக்குத் திருப்பப் போகிறார்கள் என்று அந்த அம்மா அவசரமாக இன்னும் ஒரு குடம் பிடித்திருக்கிறார். ஒரு நாள், விடியறதுக்குள்ள விட்டீங்கன்னா எல்லாருக்கும் சௌகரியமுங்க என்று அவர் கோரிக்கை வைத்தார். இவர் அதை வேளாண் ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். வெயிலுக்கு முந்திப் பாய்ச்சினால் ஆவியாகாது, சரியாகத்தான் சொல்கிறது என்றார்.

அப்படியானால் தோட்டத்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று கேட்கலாம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்தான். பெட்டியில் விளக்கு எரியாததைப் பார்த்து, கரண்ட் வந்தபோதெல்லாம் கையாலேயே போட்டு ஓட்டியிருக்கிறார். நாங்கள் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் ஈரமாக இருக்கும். இவர் அவரிடம், பொட்டி இப்ப நல்லாப் பேசுதுங்க என்பார். முதலாளி சந்தோஷமாகச் சொல்வதை மறுப்பானேன் என்று அவர், ஆமாங்க என்பார்.

ஒரு மாலையில் இவர் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினார். பேச்சுக்கு நடுவில் பின்னால் குக்கர் விசில் அடித்தது. எனக்குச் சுருக்கென்றது. மோட்டார் ரூமில் எதற்குக் குக்கர் என்று கேட்டேன். பம்ப்பில் காற்று பிடித்தால் அப்படித்தான் சத்தம் வரும் என்றார். பம்ப் விஷயத்தில் அவரோடு யார் வாதாடுவது. அப்போது குரல், “சாப்டாச்சுங்களா சார்?” என்றது. இவர் முகம் மலர்ந்து, ரெண்டு தோசையும் தக்காளிச் சட்னியும், சட்னியில் கொஞ்சம் உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சட்னி நான் அரைத்தது. ஒரு பம்ப்செட்டிடம் போய் என் சமையலைக் குறை சொல்ல வேண்டுமா என்று அன்றைக்கு எங்களுக்குள் நல்ல சண்டை.

ஆனாலும் அடுத்த வாரம் வகுப்பில் இதைத்தான் பேசினேன். இயந்திரம் கருவி என்ற நிலையைத் தாண்டித் துணை என்ற நிலைக்கு வருகிறது என்று ஆரம்பித்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்கும் இயந்திரத்துக்கு அக்கறை உண்டா? இல்லை. அக்கறை இருப்பதுபோல் அமைத்திருக்கிறார்கள். உள்ளே யாரும் இல்லை. நாம்தான் உள்ளே ஒருவரை உட்காரவைத்துக்கொள்கிறோம். பிசிறில்லாமல் பேசினேன், எனக்கே பிடித்திருந்தது. பின்பெஞ்சில்கூட இரண்டொருவர் விழித்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, அந்த மெஷின் எப்போதாவது சாரிடம் ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறதா மேடம் என்று கேட்டாள். காலையில் தண்ணீர் விடச் சொன்னது ஞாபகம் வந்தது. அது ஆலோசனை, ஆசை இல்லை என்று சொல்லி உட்காரவைத்தேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம், மோட்டார் எங்களைக் கூப்பிட்டது.

இவர் குளித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் போன் அடித்தது. திரையில் ‘தோட்டத்து மோட்டார்’. ஈரத் தலையோடு ஓடிவந்து எடுத்தார். குரல் அழுகிற பதத்தில் இருந்தது. நானே கேட்டேன்.

“சார், மோட்டாரைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க சார்.”

இவர், “யாருங்க?” என்றார்.

“ஜீப்புல வந்தாங்க. நீங்க சொன்னீங்கன்னு சொன்னேன், கேக்கலீங்க.”

அந்தப் பக்கத்தில் தோட்டத்து மோட்டார்கள் அவ்வப்போது திருடு போகும். ஆனால் திருடு போன மோட்டாரே போன் செய்து தகவல் சொன்னது எங்களுக்குத்தான். இவர் அந்த நிலையிலும், “நீங்க பயப்படாம இருங்க, இப்ப வாரனுங்க” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். காரில் போகும்போது ஜீப்பில் வந்து திருடுகிறவன் சாதாரண ஆளாக இருக்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேசுகிற பெட்டியை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் எடுத்திருக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து எழுந்து, யாராவது செத்துப்போனாங்களா என்று கேட்டார்.

இவர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே போனை எடுத்து அதைக் கூப்பிட்டார். பெட்டி அசையவில்லை. ஒரு விளக்குகூட மினுங்கவில்லை. ஆனால் போன் எடுக்கப்பட்டது. “சார், கேட்டுப் பாத்தீங்களா?” என்றது அதே குரல்.

 இவர் பெட்டியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். நான் போனை வாங்கினேன். எத்தனையோ வருடமாக மாணவர்கள் முன்னால் புத்தகக் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்ததை முதல் தடவையாக ஓர் ஆளிடம் நேரில் கேட்டேன்.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நீங்க மனுசங்களா?”

 “அதென்னங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க?” என்றார் அவர். “தண்ணி ஆபீஸ்ல இதையெல்லாமா கேக்கறாங்க?”

நாங்கள் தண்ணீர் ஆபீஸ் இல்லை என்று சொன்னேன். அப்புறம் நீங்க யாருங்க என்றார்.  பிறகு இரண்டு பக்கமும் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிச் சேர்த்தோம். அவர் பக்கத்துக் கதை இதுதான். முதல் நாள் போன் வந்ததும் ஆபீஸில் மோட்டாரைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நடுங்கியிருக்கிறார். அதற்குப் பதிலாக அந்த அதிகாரி தைரியமாகப் போடுங்கள் என்றதும், கூடைக்கு அடியில் இருந்ததை எடுத்து வாசலிலேயே மாட்டிவிட்டார். தெருவே வந்து பார்த்தது. போனிலேயே உத்தரவு ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். தினமும் அழைத்துத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிற, இவ்வளவு தன்மையான அதிகாரியை அந்தத் தெரு கண்டதில்லை. அவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் மோட்டாரை வெளியே எடுத்தார்கள். அன்று காலை உண்மையான ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் வந்து, முதலாவதாக இருந்த இந்த அம்மா வீட்டு மோட்டாரைக் கழற்றி ஏற்றினார்கள். எல்லோருக்கும் எச்சரிக்கை.

இவர் மோட்டார் ரூம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மோட்டார் போனதுகூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் தினமும் போன் செய்து போடுங்க, நிறுத்துங்க என்று சொல்லியிருக்கிறோமே என்பதுதான். திரும்பி வருகிற வழியெல்லாம், நான் என்னென்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார். ‘ரொம்ப சூடாயிட்டீங்களா?’ என்று ஒரு நாள் கேட்டதை நினைத்துக்கொண்டு காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டு வந்தேன். இயந்திரம் மனிதனைப் போல ஆகுமா என்று மேடைமேடையாகக் கேட்கிறோம். இங்கே ஒரு மனுஷி சமைத்தாள், சாப்பிட்டீர்களா என்றாள், தண்ணீருக்குக் கெஞ்சினாள். நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுவிட்டு நல்ல மெஷின் என்றோம். ஒருத்தருக்குத் தத்துவத்தில் முதுகலைப் பட்டம் வேறு. அந்தப் பக்கம் அவரும் என் கணவரை ஒரு மனிதராக எடுத்துக்கொள்ளவில்லை, ஆபீஸாகத்தான் எடுத்துக்கொண்டார். எதிர்பார்த்ததைத்தான் காது கேட்கிறது. அதற்கு நுண்ணறிவு ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனால் இதில் எனக்கு உறுத்தலாகவும் ஆறுதலாகவும் இருந்தது ஒன்றுதான். நான் சொன்னபடி அவர் அந்தக் குரலைக் கருவியாக நடத்தியிருந்தால், அந்த அம்மாவிடம் நாங்கள் எந்த முகத்தோடு போயிருப்போம்?

மறுநாள் போகலாம் என்றால் ஞாயிறு, ஆபீஸ் கிடையாது. திங்கள்கிழமை காலையில், சாக்கு நிறையத் தேங்காயோடு உக்கடம் போனோம். சந்துக்குள் கார் போகாது. வீடு தேடவே வேண்டியிருக்கவில்லை, தண்ணி சார் வந்திருக்கிறார் என்று தெருவே வழிகாட்டியது. அந்த அம்மா வாசலில் நின்றார். எங்களைவிடச் சற்று மூத்தவர், கழுத்தில் தையல் டேப் தொங்கியது. இவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். போனில் அத்தனை நாள் பேசியவர்கள் நேரில் பேச முடியாமல் போனார்கள். கடைசியில் அந்த அம்மாவின் கணவர்தான், “மொதல்ல உள்ள வாங்க. டீ குடிச்சுப்போட்டு ஆரு மெஷினுன்னு முடிவு பண்ணிக்கலாம்” என்றார்.

டீக்குப் பிறகு அவரும் என் கணவருமாகத் தண்ணீர் ஆபீஸுக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரியிடம் இவர் எதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மேல் தப்பில்லை, நான் என் மோட்டாரோடு பேசுவதாக நினைத்து இவர்களைப் போடச் சொல்லிவிட்டேன் என்று. அதிகாரி பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, இன்னொருக்காச் சொல்லுங்க என்றாராம். இவர் இன்னொருக்காவும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். சிரித்து முடித்து, இனிமேல் குழாயில் மாட்டக் கூடாது என்ற கண்டிப்போடு மோட்டாரைக் கொடுத்தார்கள். தெருவில் தண்ணீர் நூலாக வருவதையும் இவர் விடாமல் சொல்லிவிட்டு வந்தார். அடைப்பு இருந்தால் பார்க்கிறோம் என்றார்களாம்.

அவர்கள் திரும்பி வரும்வரை நானும் அந்த அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். உங்க ஊட்டுக்காரர் இவ்வளவு தன்மையாப் பேசறாரே, உங்களைக் கூப்பிடறப்ப என்னன்னு கூப்பிடுவார் என்று ஆசையாகக் கேட்டார். அவர் அவ்வளவாகப் பேச மாட்டார் என்று சொல்லி வைத்தேன். ஒரேயொரு விஷயம் கேட்கணும் என்று நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். தெருவில் எல்லோரும் இன்னும் என் கணவரைத் தண்ணீர் ஆபீஸ்காரர் என்றுதான் நினைக்கிறார்கள், போன வாரம் தற்செயலாக விடியற்காலையில் தண்ணீர் வந்ததைக்கூடத் தான் அவரிடம் கேட்டதால்தான் விட்டார்கள் என்று நம்புகிறார்கள், அதை இப்போதே உடைக்க வேண்டாம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. இவர்கள் மோட்டாரோடு சந்துக்குள் நுழைவதும், தெருக்கோடியில், தண்ணி வந்துருச்சு என்று சத்தம் கிளம்புவதும் ஒன்றாக நடந்தது. அந்த அம்மா என் கையில் ஒரு குடத்தைக் கொடுத்தார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய் முன்னால் உட்கார்ந்து, ஒரு குடம் நிறைய நிறைய அடுத்ததை வைத்தார். ரெண்டு கையிலும் குடத்தோடு நான் திரும்பும்போது எதிர்வீட்டுப் பெண் வழிமறித்தாள்.

“நீங்க தண்ணி சார் ஊட்டுக்காரம்மாங்களா?”

உள்ளே இருந்து அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க” என்றேன்.